அமெரிக்கா வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்ததா? (1919–1941)

கொள்ளிடத்தான் | சனி, இரவு 9.40

பெண்ணுக்குத் திங்கட்கிழமை வரலாற்றுப் பரீட்சை. சொல்லிக்கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். அவள் நோட்டில் இரண்டாம் உலகப் போருக்கான காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. வெர்சாய் ஒப்பந்தம், ஹிட்லர், முசோலினி, ஜப்பான் என்று போய் ஆறாவதாக "அமெரிக்காவின் தனிமைக் கொள்கை". அவ்வளவுதான். அரை வரி விளக்கம்கூட இல்லை.

"அப்பா, சண்டை போட்டது ஜெர்மனியும் ஜப்பானும். கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தவன் எப்படிச் சண்டைக்குக் காரணம் ஆவான்?" என்று கேட்டாள். சமாளித்துப் பார்த்தேன், முடியவில்லை. இங்கே விஷயம் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள், கொஞ்சம் சொல்லுங்கள். லிங்க் மட்டும் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், அது எனக்கே கிடைக்கும்.

பழைய பேப்பர் | சனி, இரவு 10.25

வெளிநாட்டுச் சண்டை நமக்கு வேண்டாம் என்று கதவை ஏன் சாத்தினார்கள் என்பதிலிருந்து ஆரம்பித்தால்தான் புரியும்.

1917இல் ஜனாதிபதி வில்சன் அமெரிக்காவை முதல் உலகப் போருக்குள் இழுத்துக்கொண்டு போனபோது, ஜனநாயகத்தைக் காப்பாற்றப் போகிறோம் என்றுதான் சொன்னார். சுமார் 1,16,000 பேர் திரும்பி வரவில்லை. அதில் பாதிக்கு மேல் போர்க்களத்தில் சாகவில்லை, நோயில் செத்தார்கள். போர் முடிந்து வெர்சாயில் பார்த்தால் பிரிட்டனும் பிரான்சும் தோற்றவனின் காலனிகளைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. இதற்கா பையன்களை அனுப்பினோம் என்ற கசப்பு அங்கேயே தொடங்கிவிட்டது.

வெர்சாய் ஒப்பந்தத்தை அமெரிக்க செனட் இரண்டு தடவை தோற்கடித்தது. இரண்டாவது தடவை, 1920 மார்ச்சில், ஆதரவு 49, எதிர்ப்பு 35. ஜெயித்த மாதிரி தெரிகிறது இல்லையா? ஆனால் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், ஏழு ஓட்டு குறைந்தது. வேடிக்கை என்னவென்றால், எதிர்க்கட்சி செனட்டர் லாட்ஜ் சேர்த்த நிபந்தனைகளோடு இதற்கு ஓட்டுப் போடாதீர்கள் என்று தன் கட்சிக்காரர்களிடம் சொன்னதே வில்சன்தான். அந்த ஒப்பந்தத்தின் வழியே பிறந்த, தான் கனவு கண்ட சர்வதேச சங்கத்தில் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) தன் நாட்டுக்கே நாற்காலி இல்லாமல் செய்ததில் அவர் பிடிவாதத்துக்கும் பங்கு உண்டு.

அடுத்தது கடன். போரின்போதும் அதை ஒட்டியும் நேச நாடுகளுக்கு அமெரிக்க அரசு கொடுத்தது சுமார் 1,000 கோடி டாலர். முப்பதுகளில் ஒவ்வொருவராகக் கையை விரித்தார்கள். தவணை தவறாமல் கட்டியது பின்லாந்து மட்டும்தான். 1934இல் ஜான்சன் சட்டம் வந்தது: பழைய பாக்கி வைத்திருக்கும் நாட்டுக்குப் புதுக் கடன் கிடையாது.

இதற்கு நடுவில் ஒரு காட்சி, இதை உங்கள் பெண்ணுக்குச் சொல்லுங்கள். முதல் போரில் சண்டை போட்ட சிப்பாய்களுக்கு போனஸ் தருவதாக 1924இல் சட்டம் போட்டார்கள். ஆனால் கைக்குப் பணம் வருவது 1945இல். 1932இல் வேலையும் இல்லை, சோறும் இல்லை. "இப்போதே கொடு" என்று ஆயிரக்கணக்கான முன்னாள் சிப்பாய்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு வாஷிங்டன் வந்து, அனகோஸ்டியா ஆற்றங்கரைச் சேற்றில் தகரமும் அட்டையும் வைத்துக் குடிசை போட்டு உட்கார்ந்தார்கள். ஜூலை 28 அன்று தளபதி மெக்ஆர்தர் குதிரைப்படை, டாங்கி, கண்ணீர்ப்புகை எல்லாவற்றோடும் வந்து விரட்டினார். குடிசைகள் எரிந்தன. நாட்டுக்காகச் சண்டை போட்டவனுக்கு நாடு கொடுத்த மரியாதையை மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாட்டில் போய் இன்னொரு ஐரோப்பியப் போர் என்று பேச முடியுமா?

அப்புறம் வந்தார் ஜெரால்ட் நை, வடக்கு டகோட்டா செனட்டர். 1934 முதல் 1936 வரை இவர் தலைமையில் ஒரு விசாரணைக் குழு. டுபாண்ட், மார்கன் வங்கி என்று பெரிய தலைகளைக் கூண்டில் ஏற்றிக் கணக்குக் கேட்டார்கள். ஆயுத வியாபாரிகளும் வங்கிக்காரர்களும்தான் நம்மைப் போரில் மாட்டிவிட்டார்கள் என்பது மக்கள் மனதில் ஆழமாக இறங்கியது. அந்தச் சூட்டில் பிறந்ததுதான் 1935 ஆகஸ்ட் நடுநிலைச் சட்டம்: போரிடும் எந்த நாட்டுக்கும் ஆயுதம் விற்கக் கூடாது. 1936இல் கடனும் தடை. 1937இல் போரிடும் நாட்டின் கப்பலில் அமெரிக்கன் ஏறுவதே குற்றம்.

இவர்களை முட்டாள்கள் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். சூடு கண்ட பூனை, அவ்வளவுதான்.

ராத்திரி ஷிப்ட் | சனி, இரவு 11.50

பேப்பர் அண்ணா நன்றாக எழுதியிருக்கிறார். ஆனால் "கதவைச் சாத்தினார்கள்" என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முன்கதவைச் சாத்திவிட்டு, கொல்லைப்புறத்தில் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள்.

1937 டிசம்பர் 12. சீனாவில் யாங்சி ஆறு, நான்கிங்குக்கு மேலே. அமெரிக்கக் கடற்படையின் பனாய் என்கிற சின்னப் பீரங்கிப் படகு. யாரும் தவறாக நினைத்துவிடக் கூடாது என்று அமெரிக்கக் கொடியைப் பெரிதாக வரைந்து வைத்திருந்தார்கள். ஜப்பானிய விமானங்கள் பட்டப்பகலில் வந்து குண்டு போட்டு மூழ்கடித்தன. நியூஸ் ரீல் கேமராக்காரர்கள் படகிலேயே இருந்தார்கள், எல்லாம் படமானது.

சரி, அந்தப் படகுக்கு அங்கே என்ன வேலை? தூதரக ஆட்களையும் மற்ற அமெரிக்கர்களையும் ஏற்றிக்கொண்டு, ஸ்டாண்டர்ட் ஆயில் குழுமத்தின் மூன்று எண்ணெய்க் கப்பல்களுக்குத் துணையாகப் போய்க்கொண்டிருந்தது. அதாவது "நாங்கள் யார் வம்புக்கும் போக மாட்டோம்" என்று சொன்ன நாட்டின் போர்ப்படகு, சீனாவின் நடு ஆற்றில் எண்ணெய்க் கம்பெனிக்குக் காவல்!

ஜப்பான் மன்னிப்புக் கேட்டது, 22 லட்சம் டாலர் நஷ்டஈடு கொடுத்தது. அமெரிக்கா வாங்கிக்கொண்டது. அந்த ஜப்பானுக்கே பெட்ரோலும் பழைய இரும்பும் விற்பது மட்டும் அப்போது நிற்கவில்லை. இதற்குப் பெயர் தனிமைக் கொள்கையா?

பழைய பேப்பர் | ஞாயிறு, காலை 6.15

தம்பி, அதே பனாய் சம்பவத்தை நான் மறுபக்கத்திலிருந்து சொல்கிறேன். 1898இல் ஹவானாத் துறைமுகத்தில் மெய்ன் என்ற கப்பல் வெடித்தபோது நாடே கொதித்து எழுந்து ஸ்பெயினோடு போருக்குப் போனது. 1937இல் கண்ணெதிரே சுட்டு மூழ்கடித்தபோது நாடு கொதிக்கவில்லை. படகை ஏன் அங்கே வைத்திருக்கிறோம், திருப்பிக் கூப்பிடு என்றுதான் கேட்டார்கள்.

அடுத்த மாதமே, 1938 ஜனவரி 10, லட்லோ திருத்தம் என்ற அரசியல் சட்டத் திருத்தத்தைப் பிரதிநிதிகள் சபையில் விவாதத்துக்கு எடுக்கலாமா என்று ஓட்டுக்கு வந்தது. நாடு நேரடியாகத் தாக்கப்பட்டால் தவிர, போர் அறிவிப்பதற்கு முன் மக்களிடம் பொது வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்பதுதான் திருத்தம். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பகிரங்கமாக எதிர்த்தும், எடுக்கலாம் என்றவர்கள் 188, வேண்டாம் என்றவர்கள் 209. பதினோரு பேர் மனம் மாறியிருந்தால் விவாதத்துக்கு வந்திருக்கும். மக்களின் மனநிலை அப்படி இருந்தது. கம்பெனி வியாபாரம் பண்ணியது உண்மைதான். ஆனால் அயோவாவில் சோளம் போட்டவன் எண்ணெய் விற்கவில்லை.

சும்மா ஒருத்தி | ஞாயிறு, காலை 8.05

இரண்டு பேரும் அமெரிக்காவுக்கு உள்ளேயே சுற்றுகிறீர்கள். கொள்ளிடத்தார் மகள் கேட்டது வேறு: வீட்டுக்குள் இருந்தவன் எப்படிக் காரணம் ஆவான்?

தெருவில் ஒருவன் கத்தியோடு இன்னொருவனைத் துரத்துகிறான். கடைக்காரர் "நான் யார் பக்கமும் இல்லை, இரண்டு பேருக்குமே கத்தி விற்க மாட்டேன்" என்கிறார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும், ஒருவன் கையில் ஏற்கெனவே கத்தி இருக்கிறது என்பதை மறந்துவிட்டால். 1935 சட்டம் இதுதான்.

சட்டம் வந்து இரண்டு மாதத்துக்குள் முசோலினி எத்தியோப்பியாவுக்குள் படையை அனுப்பினான். இத்தாலியிடம் விமானம் இருந்தது, விஷவாயு இருந்தது. எத்தியோப்பியாவிடம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆயுதத் தடை இரண்டு பேருக்கும் "சமமாக" விழுந்தது. எண்ணெயோ தடைப் பட்டியலிலேயே கிடையாது. ரூஸ்வெல்ட் நல்லவார்த்தையாக, விற்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். இத்தாலிக்குப் போன அமெரிக்க எண்ணெய் கூடியதே தவிரக் குறையவில்லை.

இதைவிட முக்கியமானது ஜெனீவாவில் நடந்தது. சர்வதேச சங்கம் இத்தாலி மீது சில பொருளாதாரத் தடைகள் போட்டது, எண்ணெயைத் தொடவில்லை. கேட்டால், "நாங்கள் நிறுத்தினாலும் அமெரிக்கா விற்கும், அது சங்கத்தில் உறுப்பினர்கூட இல்லை, என்ன பிரயோஜனம்?" பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் முசோலினியைப் பகைத்துக்கொள்ள விருப்பமில்லை என்பதுதான் உள்விஷயம். அதற்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது, காலி நாற்காலி அந்தச் சாக்கைக் கொடுத்தது. உங்கள் மகளுக்கு என் பதில் அந்த நாற்காலிதான் சார்.

ஸ்பெயின் இதைவிட மோசம். 1936இல் அங்கே உள்நாட்டுப் போர். தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுக்கு எதிராகத் தளபதிகளின் கலகம். உள்நாட்டுப் போருக்கு நடுநிலைச் சட்டம் பொருந்தாது என்பதால், 1937 ஜனவரியில் ஸ்பெயினுக்கென்றே தனியாகத் தடை போட்டார்கள். ஹிட்லரும் முசோலினியும் கலகத் தளபதி பிராங்கோவுக்கு விமானமும் ஆளும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். டெக்ஸாகோ கம்பெனி அவருக்கு எண்ணெயைக் கடனிலேயே கொடுத்தது. சட்டபூர்வமான அரசாங்கத்துக்குத் துப்பாக்கி கிடையாது, கலகக்காரனுக்கு பெட்ரோல் உண்டு.

ஒரே ஒரு இடத்தில் ரூஸ்வெல்ட் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டார். 1937இல் ஜப்பான் சீனாவைத் தாக்கியபோது இரண்டு பக்கமும் முறையாகப் போர் அறிவிக்கவில்லை, ஜப்பான் அதைச் "சம்பவம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. "போரே இல்லையே, அப்புறம் என்ன நடுநிலை?" என்று அவர் சட்டத்தை அமல்படுத்தாமல் விட்டார். சீனாவால் ஆயுதம் வாங்க முடிந்தது.

நீரிணைக்காரன் | ஞாயிறு, காலை 11.30

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். ராணுவத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். கதவு சாத்தப்பட்டது முதலில் ஆளுக்கு, அடுத்தது சரக்குக்கு. ஜப்பானின் தேசிய வெறி அங்கிருந்தும் தீனி எடுத்துக்கொண்டது.

1924 குடியேற்றச் சட்டம் ஜப்பானியர்கள் அமெரிக்காவில் குடியேறுவதை அடியோடு நிறுத்தியது. மற்றவர்களுக்குக் கோட்டாவாவது இருந்தது, இவர்களுக்கு அதுவும் இல்லை. முதல் போரில் நேச நாடாக நின்று, வெர்சாயில் இன சமத்துவம் பற்றி ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்டு மறுக்கப்பட்ட நாடு அது. மேற்கத்தியர்களோடு நட்பாகப் போகலாம் என்று டோக்கியோவில் பேசிக்கொண்டிருந்தவர்கள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார்கள்.

1930இல் ஸ்மூட்–ஹாலி சட்டம் இறக்குமதி வரியைத் தாறுமாறாக ஏற்றியது. பச்சைப் பட்டுக்கு வரி இல்லை என்பது வாஸ்தவம். ஆனால் பொருளாதார மந்தத்தில் அமெரிக்கப் பெண்கள் பட்டுக் காலுறை வாங்குவதைக் குறைத்தார்கள். ஜப்பானியக் கிராமத்தில் பட்டுப்புழு வளர்த்த குடும்பத்துக்கு அதுதான் கைக்காசு. விலை சரிந்தது. வடகிழக்கு மாவட்டங்களில் பயிரும் பொய்த்தது, பெண்பிள்ளைகளை விற்கும் நிலைமை வந்தது. அந்தக் கிராமங்களிலிருந்து வந்த சிப்பாய்களை வைத்துப் பயிற்சி கொடுத்த இளம் அதிகாரிகள், "இந்தக் கட்சி அரசியல்வாதிகளும் முதலாளிகளும்தான் நாட்டைக் கெடுத்தது" என்று பேச ஆரம்பித்தார்கள்.

1931 செப்டம்பர் 18, முக்டென் அருகே ரயில் பாதையில் தாங்களே குண்டு வைத்துவிட்டுச் சீனர் மேல் பழி போட்டு, மஞ்சூரியாவைப் பிடித்தது ராணுவம். டோக்கியோ அரசாங்கத்தைக் கேட்கவில்லை. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஸ்டிம்சன், இதை அங்கீகரிக்க மாட்டோம் என்று ஒரு கடிதம் எழுதினார். கடிதத்தோடு சரி. 1932 மே 15 அன்று பிரதமர் இனுகாய் வீட்டுக்குள் கடற்படை அதிகாரிகள் புகுந்தார்கள். பேசினால் புரிந்துகொள்ளலாம் என்றார் அந்த எழுபத்தாறு வயதுப் பெரியவர். பேச்சுக்கு வேலையில்லை என்று சொல்லிச் சுட்டார்கள். அதோடு ஜப்பானில் கட்சி அரசாங்கம் முடிந்தது. சுட்டவர்களுக்குக் கருணை காட்டச் சொல்லி மனுக்கள் குவிந்தன. அந்த மனுக்கள்தான் எனக்கு பயம் தருகின்றன, துப்பாக்கி அல்ல.

இதே மந்தம் எங்கள் வீட்டுக்கும் வந்தது. உலகத்தில் எடுக்கும் ரப்பரில் பெரும்பங்கை வாங்கியது அமெரிக்காதான், கார் டயருக்கு. 1929இல் அங்கே சுமார் 45 லட்சம் கார் செய்தார்கள், 1932இல் 11 லட்சம். மலாயாவில் ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்த தமிழர்களில் லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். கெடாவில் பால் வெட்டிய என் தாத்தாவும் ஒருவர். நாகப்பட்டினத்தில் இறங்கும்போது கையில் ஒரு தகரப் பெட்டி. அந்தக் கார்களைச் செய்த டெட்ராய்ட் நகரம் எங்கே இருக்கிறது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

பழைய பேப்பர் | ஞாயிறு, பகல் 1.10

நீரிணை சார், அந்தத் தகரப் பெட்டியில் நின்றுவிட்டேன்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இப்படியே போனால் உலகத்தில் எது நடந்தாலும் வாஷிங்டன்தான் காரணம் என்று ஆகிவிடும். ஜெர்மனியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனி கட்ட வேண்டிய போர் நஷ்டஈட்டை ஒழுங்குபடுத்திய 1924 டாஸ் திட்டத்துக்குப் பிறகு அமெரிக்கக் கடன் அங்கே கொட்டியது. 1928 தேர்தலில் நாஜிக் கட்சிக்கு 2.6 சதவீதம் ஓட்டு, 12 இடம். சீந்துவார் இல்லை. 1929 வீழ்ச்சிக்குப் பிறகு கடன் வற்றியது, வேலை போனது. 1930 செப்டம்பரில் 107 இடம், 1932 ஜூலையில் 230. அமெரிக்கப் பணம் நின்றதும் ஹிட்லர் வளர்ந்தது உண்மைதான். ஆனால் அதே மந்தம் பிரிட்டனிலும் இருந்தது, ஸ்வீடனிலும் இருந்தது, அமெரிக்காவிலேயே நாலில் ஒருவனுக்கு வேலை இல்லை. அங்கெல்லாம் ஹிட்லர் வரவில்லை. ஜெர்மன் பழமைவாதிகள் அவனை அடக்கி ஆளலாம் என்று நம்பித் தாங்களே பதவியில் உட்கார வைத்தார்கள். அந்தப் பழியை அவர்களிடமே விடுங்கள்.

ராத்திரி ஷிப்ட் | ஞாயிறு, பகல் 2.45

ஹிட்லர் என்றதும் ஞாபகம் வருகிறது. 1939 ஏப்ரலில் ரூஸ்வெல்ட் அவனுக்கு ஒரு செய்தி அனுப்பினார். 31 நாடுகளின் பெயரைப் போட்டு, இவற்றைத் தாக்க மாட்டேன் என்று உறுதி கொடுங்கள் என்று. அந்த மாதம் 28ஆம் தேதி ஹிட்லர் நாடாளுமன்றத்தில் பதில் பேசினான். நாடுகளின் பெயரை ஒவ்வொன்றாக வாசிக்க, உறுப்பினர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த நாடுகளிடமே கேட்டேன், யாரும் பயப்படவில்லையாம் என்றான். பாலஸ்தீனத்தில் இருப்பது ஜெர்மன் படை இல்லை, ஆங்கிலேயப் படை என்று குத்தினான். அது பொய்யும் இல்லை என்பதுதான் கொடுமை.

சிரித்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்த வருடம் அமெரிக்கத் தரைப்படை மொத்தம் சுமார் 1,90,000 பேர். அடுத்த வருடப் பயிற்சியில்கூட லாரியில் "டாங்கி" என்று எழுதி மாட்டி ஓட்டினார்கள். கைத்தடி இல்லாத வாட்ச்மேன் விசில் ஊதிய கதை.

சும்மா ஒருத்தி | ஞாயிறு, மாலை 4.20

வெளிநாட்டுத் தேசியவாதம் என்றே பேசுகிறோம். உள்நாட்டிலும் இருந்தது. 1939 பிப்ரவரி 20, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் நாஜி ஆதரவுக் கூட்டம், சுமார் 20,000 பேர், மேடையில் ஜார்ஜ் வாஷிங்டனின் ஆளுயரத்தைவிடப் பல மடங்கு பெரிய படம், அதன் இரு பக்கமும் ஸ்வஸ்திகா கொடி. அதற்கு அடுத்த சில மாதங்களில் செயின்ட் லூயிஸ் கப்பல் 937 பயணிகளோடு வந்தது, ஏறக்குறைய எல்லாரும் யூத அகதிகள். கியூபா அநேகம் பேரை இறங்க விடவில்லை. பிளோரிடாக் கடற்கரை விளக்குகள் தெரியும் தூரத்தில் கப்பல் சுற்றியது. அமெரிக்காவும் விடவில்லை. திரும்பிப் போனவர்களில் 254 பேர் பின்னால் நாஜிகளின் கையில் செத்தார்கள். தனிமைக் கொள்கையில் சமாதான ஆசை இருந்தது, பேப்பர் சார் சொல்வது சரி. இந்த வெறுப்பும் அதே பாத்திரத்தில்தான் கொதித்தது. 1940 செப்டம்பரில் தொடங்கிய "அமெரிக்கா முதலில்" என்ற போர் எதிர்ப்புக் குழுவில் சுமார் எட்டு லட்சம் பேர். பின்னால் ஜனாதிபதியான ஜெரால்ட் போர்டு அப்போது யேல் சட்ட மாணவர், தொடக்கத்தில் அதில் இருந்தார். அதே குழுவின் மேடையில்தான் 1941 செப்டம்பர் 11 அன்று விமானி லிண்ட்பர்க், நாட்டைப் போருக்குத் தள்ளுவது பிரிட்டிஷாரும் யூதர்களும் ரூஸ்வெல்ட் அரசும் என்று பேசினார். அதற்குப் பிறகு அந்தக் குழு தலை நிமிரவில்லை.

கொள்ளிடத்தான் | ஞாயிறு, மாலை 6.00

எல்லாருக்கும் நன்றி. பெண்ணும் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறாள். அவளுடைய அடுத்த கேள்வி: "அப்புறம் எப்போதான் வெளியே வந்தாங்க? ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கினதுக்கு அப்புறம் ஒரே நாளிலா?"

பழைய பேப்பர் | ஞாயிறு, இரவு 7.35

ஒரே நாளில் இல்லை பாப்பா. படிப்படியாக, ஒவ்வொரு படியிலும் "இது போருக்குப் போவதற்கு இல்லை" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார்கள்.

1939 நவம்பரில் ஆயுதத் தடை நீங்கியது, ஆனால் ரொக்கம் கொடுத்து உன் கப்பலில் எடுத்துக்கொண்டு போ என்றார்கள். 1940 ஜூனில் பிரான்ஸ் விழுந்ததும்தான் உண்மையான பயம் வந்தது. செப்டம்பரில் 50 பழைய போர்க்கப்பல்களை பிரிட்டனுக்குக் கொடுத்து, பதிலுக்கு ராணுவத் தளங்களுக்கு 99 வருடக் குத்தகை வாங்கினார்கள். அக்டோபர் கடைசியில் தேர்தல் பிரச்சாரத்தில், உங்கள் பையன்களை வெளிநாட்டுப் போருக்கு அனுப்ப மாட்டேன் என்றார் ரூஸ்வெல்ட். டிசம்பர் 17இல் பத்திரிகையாளர்களிடம் ஒரு கதை சொன்னார்: பக்கத்து வீடு தீப்பிடித்து எரிகிறது, என்னிடம் தோட்டத்துக் குழாய் இருக்கிறது. இது பதினைந்து டாலர், காசைக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள் என்று சொல்வேனா? தீ அணைந்ததும் குழாயைத் திருப்பிக் கொடுத்தால் போதும். 1941 மார்ச்சில் கடன்–குத்தகைச் சட்டம் வந்தது. எதிர்த்த செனட்டர் வீலர், இது நாலில் ஒரு அமெரிக்கப் பையனை மண்ணில் போட்டு உழும் திட்டம் என்றார். பண்டங்களின் விலையைத் தூக்க அரசு விளைந்த பயிரையே உழுது அழிக்கச் சொன்னது விவசாயிகளுக்கு மறக்கவில்லை, அதனால் அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது.

ஆகஸ்ட் 12, கட்டாய ராணுவ சேவையை நீட்டிக்கும் மசோதா. சபையில் 203க்கு 202 என்று நிறைவேறியது. பேர்ல் ஹார்பருக்கு நாலு மாதம்கூட இல்லாதபோது, ஒரே ஒரு ஓட்டு.

நீரிணைக்காரன் | ஞாயிறு, இரவு 8.50

அதே கோடையில்தான் எண்ணெயும் நின்றது. ஜப்பான் தெற்கு இந்தோசீனாவுக்குள் வந்ததும் ஜூலை 26 அன்று அமெரிக்கா அதன் சொத்துகளை முடக்கியது, எண்ணெய் வாங்கப் பணம் எடுக்க முடியாமல் போனது. ஜப்பான் எரித்த எண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு அமெரிக்காவுடையது. பத்து வருடம் விற்றுப் பழக்கிவிட்டு ஒரே வாரத்தில் குழாயை மூடினால், இருப்புத் தீருவதற்குள் வேறு கிணற்றைத் தேடுவார்கள். கிணறு இருந்தது டச்சுக்காரரின் கிழக்கிந்தியத் தீவுகளில். போகும் வழியில் இருந்தது மலாயா. தாத்தா 1934இல் மறுபடி கப்பலேறி இங்கே வந்திருந்தார்.

சும்மா ஒருத்தி | ஞாயிறு, இரவு 9.30

பாப்பாவுக்கு ஒரு விஷயம், பரீட்சைக்கு இல்லை. டிசம்பர் 8 அன்று ஜப்பான் மேல் போர் அறிவிக்கும் தீர்மானம் சபையில் 388க்கு 1. அந்த ஒரு ஓட்டு ஜெனட் ராங்கின், அமெரிக்கக் காங்கிரசுக்குத் தேர்வான முதல் பெண். 1917இலும் அவர் வேண்டாம் என்றுதான் ஓட்டுப் போட்டார், அப்போது கூட 49 பேர் இருந்தார்கள். இந்தத் தடவை யாரும் இல்லை. கூட்டம் துரத்த, ஒரு தொலைபேசிக் கூண்டுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு போலீஸைக் கூப்பிட்டார். பின்னாளில் காந்தியின் வழியைத் தெரிந்துகொள்ள இந்தியாவுக்குப் பலமுறை வந்துபோனார். அவர் செய்தது தவறு என்றுதான் நான் நினைக்கிறேன். இருந்தாலும் அந்தக் கூண்டு என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

கொள்ளிடத்தான் | ஞாயிறு, இரவு 10.15

இவ்வளவையும் படித்துவிட்டு, "ஆறாவது பாயிண்டை இப்போ எப்படிப்பா எழுதுறது?" என்று கேட்கிறாள். நோட்டில் இருக்கும் அந்த ஒரு வரியையே எழுதச் சொல்லியிருக்கிறேன். பேப்பர் திருத்துகிறவர் யாரோ, எவரோ. தூங்கப் போய்விட்டாள்.